திறந்த மூலமும் தீராத கடமையும்

ஓர் உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதனால் மட்டும் அது மக்கள் கையில் இருக்கின்றது என்று கூறிவிட முடியாது. நூலகத்தின் கதவு திறந்திருக்கலாம். ஆயின் உள்ளே சென்று நூலை எடுத்துப் படிப்பார் இலர் எனின், அக்கதவு ஒருநாள் மூடப்படும்போது அதை எதிர்த்துக் குரலெழுப்புவாரும் இரார். உரிமைக்கும் அதைப் பயன்படுத்தும் உழைப்புக்கும் உள்ள இவ்வுறவைப் பற்றி நாம் அரசியலிலும் கல்வியிலும் பலகாலும் பேசி வந்திருக்கின்றோம். நாள்தோறும் நாம் கையாளும் கணினியிலும் இதே கேள்வி மறைந்து கிடக்கின்றது என்பதை ஏனோ அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்கின்றோம்; இயக்குதளம் என்பாரும் உளர். அதனை மனிதர் எழுதுவது மனிதர் படித்தறியக்கூடிய மொழியில். அவ்வாறு எழுதப்பட்டதே மூலநிரல். கணினி அதை நேரே அறியாது; தொகுப்பான் எனப்படும் இன்னொரு நிரல் அதைக் கணினியின் எண்மொழிக்கு மாற்றித்தர வேண்டும். பெரும்பாலான வாணிப நிறுவனங்கள் மூலநிரலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மாற்றி முடித்த எண்கோவையை மட்டும் விற்கின்றன. திறந்த மூலமென்று வழங்குவனவோ மூலநிரலையே எல்லோர் முன்னும் வைக்கின்றன. எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் கணினியிலேயே தொகுத்து அமைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் கேள்வி எழுகின்றது. திறந்த மூல முறைமைகளைக் கையாள்பவருள்ளும் மிகப் பெரும்பாலோர் மூலத்தை ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. யாரோ தொகுத்து முடித்ததைப் பெற்று நிறுவிக்கொள்கின்றனர். எனின், நமக்குத் தரப்பட்ட சுதந்திரத்துக்கு என்ன பொருள்? எண்ணற்றோரின் உழைப்பால் உருவான பொதுச்செல்வத்தைப் பெற்றுக்கொள்பவர் அதற்குச் செலுத்தவேண்டிய கடன்தான் யாது? மூலத்திலிருந்து தம் முறைமையைப் புதுப்பித்துக்கொள்வோர் செய்யும் சிரமம் அறியும் சுதந்திரத்தின் ஒரு பகுதியா, அன்றி வெறும் பொழுதுபோக்கா?

எடுத்துக்காட்டாக ஒரு முறைமையைக் கொள்வோம். பிரீ பி.எஸ்.டி. என்பது 1993 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம். அதன் வேர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸ் முறைமைக்குப் பேர்க்லியின் ஆசிரியரும் மாணவரும் பலவற்றைச் சேர்த்து, 1978 ஆம் ஆண்டு முதல் தம் தொகுதிகளை வெளியிட்டு வந்தனர். ஆயின் அடிப்படையில் நிறுவனத்தின் நிரல் கலந்திருந்தமையால், அதைப் பெற விரும்பியோர் நிறுவனத்திடம் பெருந்தொகை செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்தது. இதை மாற்ற எண்ணிய கீத் பொஸ்டிக் என்பார், யுனிக்ஸ் கருவிகள் செய்யும் வேலையைப் பற்றிய வெளிப்படையான விளக்கங்களை மட்டும் கொண்டு அவற்றைப் புதிதாக எழுதித்தருமாறு பொதுமக்களிடம் வேண்டினார். நூற்றுக்கணக்கானோர் முன்வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த ஊதியம், தாம் எழுதிய கருவியின் பக்கத்தில் தம் பெயர் குறிக்கப்பட்டது ஒன்றே.

நிறுவனத்தின் கிளையொன்று 1992 இல் வழக்குத் தொடுத்தது. 1994 இல் வழக்கு இணக்கமாக முடிந்தபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கவேண்டியிருந்தவை மூன்றே. ஏனையவற்றுள் சுமார் எழுபது கோப்புகளில் நிறுவனத்தின் உரிமைக் குறிப்பைச் சேர்த்தாற் போதுமாயிற்று. பொதுமக்களின் உழைப்பு எவ்வளவு, தனியுடைமை என்று கோரப்பட்டது எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை.

இத்தகைய வரலாற்றையுடைய முறைமையை மூலத்திலிருந்து புதுப்பிப்பது எவ்வாறு? முதலில் மூலநிரற் களஞ்சியத்திலிருந்து அண்மைய மாற்றங்களைப் பெறவேண்டும். அடுத்து, அம்மூலத்தோடு வரும் 'அப்டேட்டிங்' என்னும் குறிப்பேட்டைப் படிக்கவேண்டும். எந்நாளில் எது மாறிற்று, அதனால் எவற்றில் எச்சரிக்கை வேண்டும் என்பவை அங்கே நாள்வரிசையில் எழுதப்பட்டிருக்கும். பின்னர் 'பில்ட் வேர்ல்ட்' என்று ஒரு கட்டளை இடவேண்டும். உலகைக் கட்டு என்பது அதன் பொருள். முறைமையின் கருப்பகுதி நீங்கலாக உள்ள கருவிகளும் நூலகங்களும் யாவும் சேர்ந்தே அங்கு உலகம் எனப்படுகின்றன. பழைய தொகுப்பான் முதலில் புதிய தொகுப்பானைக் கட்டும். புதிய தொகுப்பான் ஏனையவற்றைக் கட்டும். பழைய கணினியாயின் இதற்குப் பல மணிநேரம் செல்லும்.

அதன்பின் கருப்பகுதியைக் கட்டி, அதை முதலில் நிறுவி, கணினியை மீளத் தொடக்கி, அது சரிவர இயங்குகின்றதா என்று பார்த்த பின்னரே புதிய உலகை நிறுவவேண்டும். இவ்வொழுங்கு காரணமின்றி ஏற்பட்டதன்று. புதிய கருப்பகுதி பழைய கருவிகளைத் தாங்கும். பழைய கருப்பகுதியோ புதிய கருவிகளின் தேவையை அறியாது. கருப்பகுதி பழுதாயினும் முன்னையது தனியே பேணப்பட்டிருப்பதால் திரும்பிச் செல்ல வழியுண்டு. இறுதியாக, அவ்விடத்துப் பயனாளர் எழுதிவைத்த அமைப்புக் கோப்புகளையும் புதிதாக வந்தவற்றையும் ஒப்புநோக்கி, எதைக் கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். புதியது பழையதை அப்படியே விழுங்கிவிட இடங்கொடுத்தலாகாது.

இந்த இறுதிப் படியின் அருமையை நாம் கற்றது ஒரு பிழையினால். பாடசாலையொன்றின் கணினியறையில் இம்முறைமையை அமைத்துப் பேணும் பொறுப்பு ஒருகால் எம்மிடம் இருந்தது. விடுமுறைக்கு முந்திய நாளில் புதுப்பிக்கும் வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டுமென்ற அவசரம். இணைக்கும் படியில், கேட்ட கேள்விக்கெல்லாம் படித்துப் பாராமல் 'புதியதை நிறுவுக' என்றே விடையளித்து வந்தோம். கடவுச்சொற் கோப்பும் அவ்வாறே மாற்றப்பட்டது. மாணவர்களின் கணக்குகள் யாவும் ஒரு நொடியில் மறைந்தன. அவர்கள் எழுதிய பயிற்சிகள் அழியவில்லை. ஆனால் உரியவரின் பெயர் தோன்றவேண்டிய இடங்களில் வெறும் எண்கள் நின்றன. அடுத்த தவணையின் முதல் நாளில் கணினியின் முன் அமர்ந்த சிறுமியொருத்தி, "ஐயா, என்ரை பேரை இது தெரியாதாம்" என்று சொன்னபோதே நாம் செய்தது யாதென்பதை முற்றாக உணர்ந்தோம்.

அன்று எம்மைக் காத்தது எம் திறமையன்று. அக்கோப்பின் படியொன்றை இரவுதோறும் தானே எடுத்து ஒரு மூலையில் வைக்கும் சிறு நிரல் இம்முறைமையோடு வருகின்றது. அஃது இருப்பதையே நாம் அறிந்திருக்கவில்லை. மூலத்தைத் தேடிப் படித்தபோதே கண்டோம். எம்மைப் போன்ற அவசரக்காரர் வருவர் என்று எண்ணி யாரோ ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் அதை எழுதி வைத்திருக்கின்றார். அவர் எம்மைக் கண்டதில்லை. எம் மாணவரை அறிந்ததுமில்லை. ஆயினும் மாணவரின் பெயர்கள் அவரால் மீண்டன. பொதுச்செல்வம் என்று நாம் பொதுப்படக் கூறுவது உண்மையில் இத்தகைய முன்யோசனைகளின் தொகுதியே.

இனி, மாற்றுக் கருத்தையும் நோக்குவோம். "தொகுத்து முடித்த திருத்தங்களைத் திட்டத்தினரே தருகின்றனர். சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். மணிக்கணக்கில் மின்சாரத்தைச் செலவழித்து அதே பொருளை நாமும் ஒருமுறை தொகுப்பது வீண் அல்லவா? வேலைப் பிரிவினையே நாகரிகத்தின் அடிப்படை. ஒவ்வொருவரும் தம் நெல்லைத் தாமே குற்றவேண்டுமா?" என்று கேட்பர். இவ்வாதத்தில் நியாயம் இருக்கின்றது. ஓய்வுநேரம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. வேலைமுடிந்து வீடு திரும்பி, சமையலையும் பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கும் ஆசிரியை ஒருவரிடம், நீர் மூலத்தைத் தொகுக்கவில்லை, ஆதலால் உமக்குச் சுதந்திரப் பற்றில்லை என்று சொல்வது அறமாகாது. சிரமத்தையே சிறப்பெனக் கொண்டாடும் மனோபாவம் முற்போக்கானதுமன்று.

அன்றியும், தாமே தொகுத்துக்கொள்பவர் எவரையும் நம்பவேண்டியதில்லை என்ற எண்ணமும் பிழையானது. யுனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், டியூரிங் விருதையொட்டி ஆற்றி 1984 இல் வெளியான உரையில் இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டினார். தொகுப்பானில் ஒரு சூதை ஒளித்து வைக்கலாம். கணினிக்குள் நுழைவோரைச் சோதிக்கும் நிரலைத் தொகுக்கும்போது அது கள்ளவழியொன்றைச் சேர்த்துவிடும். தொகுப்பானையே மீளத் தொகுக்கும்போது தன் சூதைப் புதிய தொகுப்பானிலும் சேர்த்துவிடும். அதன்பின் மூலநிரலிலிருந்து சூதை அழித்துவிட்டாலும் எண்மொழியில் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூலத்தை வரிவரியாகப் படித்தவரும் எதையும் காணார். தாம் முழுவதும் எழுதாத நிரலை ஒருவர் முற்றாக நம்ப இயலாது என்பதே அவர் கண்ட முடிவு.

இவ்வுண்மையிலிருந்து இருவகை முடிவுக்கு வரலாம். எதையும் அறியமுடியாது, ஆதலால் தருவதை வாங்கிக்கொண்டு வாளாவிருப்போம் என்பது ஒன்று. அது விரக்தியின் முடிவு. அதிகாரம் படைத்தோர்க்கு மிக உவப்பானதும் அதுவே. மற்றையது, தனிமனிதர் தனித்து நின்று அடையமுடியாத உறுதியைப் பலர் கூடித் தேடலாம் என்பது. டேவிட் வீலர் என்பார் 2009 இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வில் இதற்கொரு வழியை விரித்துரைத்தார். வேறு கையினர் ஆக்கிய இரண்டாவது தொகுப்பானைக் கொண்டு முதலாவதன் மூலத்தைத் தொகுத்து, அவ்வாறு பெற்றதைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் தொகுத்து, வந்த விளைவை முதலாவது தொகுப்பானோடு ஒப்பிட்டால் மறைந்துள்ள சூது வெளிப்படும். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மனிதர் ஒரே மூலத்தைத் தொகுத்து, எழுத்துக்கு எழுத்து ஒரே விளைவு வருகின்றதா என்று சரிபார்க்கும் முயற்சியையும் டெபியன் முதலான திட்டங்கள் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றன.

ஆகவே மூலத்திலிருந்து தொகுப்பவரின் பணியை இவ்வகையில் மதிப்பிட வேண்டும். அவர் தம் கணினியை மட்டும் தூய்மை செய்துகொள்ளும் துறவியல்லர். ஊராருக்காகவும் கணக்கைச் சரிபார்க்கும் பலருள் ஒருவர். எல்லோரும் அதைச் செய்யவேண்டியதில்லை. எவருமே செய்யாத நிலை வரலாகாது. சங்கத்தின் கணக்கேட்டைப் பார்க்கும் உரிமை எல்லா உறுப்பினர்க்கும் உண்டு. பத்துப்பேராவது பார்ப்பர் என்ற எண்ணமே பொருளாளரையும் நேர்மையாக வைக்கின்றது.

இது வெறும் தத்துவம் அன்று என்பதை 2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று காட்டிற்று. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. எண்ணற்ற கணினிகள் அதைச் சார்ந்திருந்தன. ஆயின் அதைப் பேணி வந்தவர் ஒருவரே, அதுவும் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில். புனைபெயருள் மறைந்த ஒருவர், அன்றி ஒரு குழுவினர், இரண்டாண்டுக்கு மேலாகப் பொறுமையோடு உதவி செய்து அவர் நம்பிக்கையைப் பெற்றனர். அதே காலத்தில் வேறு பெயர்களில், "ஏன் இத்தனை தாமதம்? பொறுப்பை வேறொருவரிடம் கொடும்" என்று அவரை நெருக்கும் கடிதங்களும் வந்தன. ஈற்றில் புனைபெயரார் கையில் வெளியிடும் பொறுப்புச் சேர்ந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையக் கள்ளவழி வைக்கப்பட்டது. எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இருந்த நிரலுக்கும், வெளியிடப்பட்ட பொதிக்கும் இடையே வேறுபாடு இருந்தது. கள்ளவழியைப் பூட்டும் பகுதி பொதியில் மட்டும் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்னும் பொறியியலாளர். தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகச் செல்வதை அவர் கவனித்தார். கவனித்ததோடு நில்லாது காரணத்தைத் தேடிச் சென்றார். மூலம் திறந்திருந்தமையால் தேடவும் முடிந்தது. 2024 மார்ச் 29 ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளை அது சென்றடையுமுன் தடுக்கப்பட்டது. திறந்திருத்தல் தானாக நம்மைக் காத்துவிடவில்லை. திறந்திருந்ததைப் பார்க்க ஒருவர் இருந்தமையாலேயே காப்புக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சியில் நம்மைச் சுடவேண்டிய பகுதி மற்றொன்று. அந்த நெருக்கும் கடிதங்கள் சூழ்ச்சியின் அங்கமென்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் எழுதப்பட்ட காலத்தில் அவை எவருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. ஏன்? ஊதியமின்றி உழைப்பவரிடம் கடைக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவது அவ்வளவு வழக்கமாகிவிட்டது. சூழ்ச்சிக்காரர் புகுந்தது நம் பொறுமையின்மை திறந்துவைத்த கதவின் வழியாக என்பதை மறுக்க முடியுமா?

பெருநிறுவனங்களின் பொறுப்பு இதனினும் பெரிது. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட பெரும் ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த அந்நூலகத்துக்கு அதுவரை ஆண்டொன்றில் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆபத்து வெளிப்பட்ட பின்னரே நிறுவனங்கள் பணப்பையை அவிழ்த்தன. இலாபம் தனியாருக்கு, பேணும் சுமை முகமறியாத சிலருக்கு என்ற ஏற்பாட்டை நாம் வேறு துறைகளிலும் கண்டிருக்கின்றோம்.

பேர்க்லி மரபின் உரிமம் இவ்வகையில் மிகத் தாராளமானது. மூலத்தை எடுத்துத் தனியுடைமைப் பொருளிற் சேர்க்கவும் அஃது இடந்தருகின்றது. சோனி நிறுவனம் 2013 இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவியின் முறைமை பிரீ பி.எஸ்.டி.யிலிருந்து பெறப்பட்டதே. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் அறிவித்த குனு திட்டத்தின் உரிமமோ, மாற்றிய நிரலை விநியோகிப்போர் மூலத்தையும் தரவேண்டுமென்று கட்டாயப்படுத்துகின்றது. எது சிறந்ததென்ற வாதம் ஓயவில்லை. கொடுப்பதற்கு நிபந்தனை வைக்கலாமா என்பது உண்மையில் பழைய அறக் கேள்வியே. பெறுவோரிடையே வலிமை சமமாக இல்லாத உலகில், நிபந்தனையற்ற கொடை வலியோர்க்கே மிகுதியும் பயன்படும் என்பது நம் கருத்து. ஆயினும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதே மூலத்தின் அண்மைய நிலையை விடாது பின்பற்றித் தன் திருத்தங்களைத் திருப்பித் தந்து வருவதையும் குறிப்பிடவேண்டும். தானே தனிவழி சென்றால் பொது மூலத்தினின்றும் விலகி, ஒவ்வொரு புதுப்பிப்பும் பெருஞ்செலவாகும் என்பதை அது கணக்கிட்டு அறிந்துள்ளது. கருணையால் நிகழாதது சில வேளைகளில் கூட்டு உழைப்பின் தர்க்கத்தால் நிகழ்கின்றது.

இறுதியாக, புதுப்பித்தல் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று என்பதை வற்புறுத்துவோம். 1988 நவம்பர் 2 ஆம் நாள் பரவிய மொரிஸ் புழு பேர்க்லி முறைமையின் ஓட்டைகளுள் புகுந்து கணினிகளைத் திணறச் செய்தது. பேர்க்லியினர் மறுநாளே திருத்தங்களை அனுப்பினர். 2017 இலோ நிலைமை வேறு. மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச்சில் திருத்தத்தை வெளியிட்டிருந்தும், மே 12 இல் 'வொனாக்கிரை' பரவியபோது திருத்தப்படாத கணினிகள் எண்ணற்றுக் கிடந்தன. பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகளில் நோயாளர் திருப்பியனுப்பப்பட்டனர். பேணப்படாத கணினி பிறரைத் தாக்கும் கருவியாகவும் மாறும். கிணற்றைத் துப்புரவாக வைத்திருப்பது கிணற்றுக்குரியவரின் சொந்த விடயம் என்று ஊரார் விட்டுவிடுவதில்லையே!

நமக்கு இவற்றால் பெறப்படுவது என்ன? ஒவ்வொருவரும் மூலத்திலிருந்தே தொகுக்கவேண்டும் என்று நாம் விதிக்கவில்லை. ஆயின் தொகுத்ததைப் பெறுபவரும் காலந்தவறாது புதுப்பித்தல் கடமை. மாற்றக் குறிப்புகளைப் படித்தல் கடமை. கண்ட பிழையை நாகரிகமாக அறிவித்தல் கடமை. கணினி கற்பிக்கும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மூலத்தைத் திறந்து படித்துத் தொகுக்கத் தெரிந்த மாணவர் சிலரையேனும் உருவாக்குதல் ஆசிரியர்களின் கடமை. பழைய கணினியொன்று போதும். ஓரிரவு பொறுத்திருக்கும் மனமும் வேண்டும். முதல்முறை பிழைக்கலாம். நாமும் பிழைத்தோம்.

அன்று மீட்ட கணக்குகளைச் சரிபார்க்க, மாணவரை ஒவ்வொருவராக அழைத்து அவரவர் பெயரை எழுதுமாறு கேட்டோம். தன் பெயர் தெரியாதென்று முறையிட்ட சிறுமி எழுதி முடித்தபின் கேட்டாள்: "இந்தப் படி எடுக்கிற நிரலை எழுதினவற்றை பேர் எங்கை ஐயா இருக்கு?" மூலத்தைத் திறந்து அவளோடு தேடத் தொடங்கினோம். அக்கேள்வியை மாணவர் கேட்கும்படி செய்ததே அவ்வாண்டில் நாம் கற்பித்த பாடங்களுள் சிறந்ததென எண்ணுகின்றோம்.